தீவுப்படை ஆட்டம்

கொரோனா ஊரடங்கில் தீவுக்கு வரும் கப்பல்கள் நின்றிருந்த மாதங்களில்தான் ஜெயராணி அந்த ஆட்டத்தை உருவாக்கினாள். ஷாதிபூர் வீட்டில் அம்மா அழகம்மா, அண்ணன் முத்துராஜ், அவள் என்று மூன்றே பேர். சதுரங்கம் ஆடி ஆடி அலுத்துவிட்டது. ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கட்டம் போட்டாள். நடுவில் கடல். இரு கரைகளிலும் ஆளுக்கொரு படை: டாங்கி, பீரங்கி, விமானம், தளபதி. எல்லாம் பாட்டில் மூடிகள். கடலில் நீர்மூழ்கி. தாக்கும்வரை அது கவிழ்ந்தே கிடக்கும். நீர்மூழ்கியா, வெறும் மிதவையா என்று எதிராளிக்குத் தெரியாது. தளபதி பிடிபட்டால் ஆட்டம் முடிந்தது.

முத்துராஜ் எதிரில் உட்கார்ந்து ஆடினான். தோற்கும்போதெல்லாம் விதி சரியில்லை என்பான். அதில் நியாயம் இருந்தால் மாற்றுவாள். இல்லாவிட்டால் அவன் மறுபடியும் தோற்பான்.

ஊரடங்கு முடிந்ததும் அவள் டெய்ரி ஃபார்ம் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேலைக்குப் போனாள். முத்துராஜ் ராணுவ அதிகாரிகளின் கிளப் ஒன்றுக்குக் காய்கறி சப்ளை எடுத்தான். ஒருநாள் சிரித்த முகத்தோடு வந்தான்.

"ஜெயா, நம்ம ஆட்டத்தக் கிளப்புல காட்டுனேன், அதிகாரி சாபுக்கு ரொம்பப் புடிச்சிருச்சு. கிளப் விழாவுல நாம ரெண்டு பேரும் ஆடிக் காட்டணுமாம்."

"நான் செஞ்சதுன்னு சொன்னீங்களாண்ணே?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "நாந்தான்னு அவுங்களா நெனச்சிக்கிட்டாங்க. நான் எதிர்ல ஒக்காரலைன்னா ஆட்டம் ஏது, சொல்லு."

"ரெண்டு பேரும் செஞ்சதுன்னாவது சொல்லியிருக்கலாமே."

"விடு ஜெயா," என்றாள் அழகம்மா. "அவன் பேரு வந்தா நம்ம வீட்டுப் பேருதானே."

விழா அன்று மேடைக்குப் பக்கத்தில் முத்துராஜ் குனிந்து, "சாப் முன்னால என் மானத்த வாங்கிடாத," என்றான். அதுவரை எப்படி ஆடுவதென்று அவள் யோசித்திருக்கவில்லை. அப்போது முடிவு செய்தாள்.

இரண்டு மிதவைகளை அவன் பக்கம் நகர்த்தி, அவன் விமானங்களை அவற்றின்மேல் வீணடிக்க வைத்தாள். பிறகு மூன்றாவது மூடியைத் திருப்பினாள். நீர்மூழ்கி. அவன் தளபதி போக இடமில்லை. ஆட்டம் யாருடையது என்று இப்போது எல்லோருக்கும் புரிந்திருக்கும் என்று நினைத்தாள்.

அதிகாரி எழுந்து கைதட்டினார். "பாய் நே கியா சிகாயா ஹை," என்றார். அண்ணன் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்று மற்றவர்களும் கைதட்டினார்கள். முத்துராஜ் அவள் தோளில் கைவைத்துப் பணிவாகச் சிரித்தான். போட்டோ எடுத்தவன் அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான்.

"நீ ஜெயிச்சதும் நல்லதாத்தான் போச்சு," என்றான் முத்துராஜ், திரும்பும்போது ஆட்டோவில்.

அதிகாரியின் உதவியோடு ஆட்டம் பெட்டியில் அச்சாக ஏற்பாடானது. அப்போதுதான் முத்துராஜுக்குச் சிக்கல் வந்தது. இரு பக்கமும் தளபதியும் நீர்மூழ்கியும் மட்டும் மிஞ்சினால் யாரும் கிட்டே வருவதில்லை, ஆட்டம் முடிவதேயில்லை.

"இதுக்கு என்ன பண்ணலாம் ஜெயா?"

அவளுக்குத் தெரியும். மூச்சு வாங்க நீர்மூழ்கி அவ்வப்போது மேலே வந்தே ஆகவேண்டும் என்று விதி வைத்தால் போதும். அடுப்பங்கரையில் நின்றபோதே தோன்றிவிட்டது.

"எனக்கெப்படித் தெரியும்? நீங்கதானே கண்டுபிடிச்சீங்க."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். "கூடப்பொறந்தவன்கிட்ட என்னடி வீம்பு?" என்று அழகம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அண்ணன் அதற்குப் பிறகு எதிரே உட்காரவேயில்லை.

மறு வருஷம் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பெட்டிகள் வந்தன. மூடியில் முத்துராஜின் படம். ஹெட்மாஸ்டர் ஹரிஹரன் விதித்தாளை அவளிடம் கொடுத்து, பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டச் சொன்னார். கடைசி விதிக்கு வந்தாள்: ஆட்டம் முடியாவிட்டால் காசு சுண்டிப் போட வேண்டும், பூ விழுந்தவர் வென்றவர்.

அதையும் உரக்கப் படித்தாள்.

"உங்க பாய் கண்டுபிடிச்சதாமே டீச்சர்?" என்றார் ஹரிஹரன்.

"ஆமா சார்," என்றாள்.