சாவியில் கொடுத்த லைன்

நாகல் நகரில் லாரி எலக்ட்ரிக் பட்டறை வைத்திருக்கும் அன்புமணிக்கு, தூத்துக்குடியிலிருந்து திரும்பியது முதல் இருப்புக் கொள்ளவில்லை. அக்கா செபாஸ்தியம்மாளின் புருசன் தண்டலாக இருந்து ஓட்டுகிற பழைய பாய்மரத் தோணிக்குப் புது பேட்டரி, புது வயர், புது லைட் என்று எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். கடலைக் கண்ணால் சரியாகப் பார்த்திராதவன் கப்பலுக்கே வயரிங் செய்துவிட்டான் என்று தெருவெல்லாம் பெருமை. அவனுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. எதையோ கோட்டை விட்டுவிட்டோம் என்று மனசு பிராண்டிக்கொண்டே இருந்தது. ஸ்குரூ ஸ்குரூவாக யோசித்துப் பார்த்தான். எல்லாம் முறுக்கித்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, நிலக்கோட்டைப் பூ வேன் ஓட்டும் சோலைமுத்து வந்து சண்டைக்கு நின்றான்.

"என்னண்ணே வேல பாத்திருக்கீக? கொடைக்கானல் மலையில இறங்கையில ஹாரன் அடிக்கல. வளைவுல பஸ்ஸு மேல சாத்தியிருப்பேன்."

"சாவிய அணைச்சுட்டு உருட்டிக்கிட்டு வந்தியாக்கும்?"

"டீசல் சும்மாவா வருது?"

"ஏலே, ஹாரனுக்குச் சாவியிலதான் லைன் குடுத்திருக்கேன். இஞ்சின அணைச்சா அது எப்பிடி..."

அன்புமணி தன் கையையே பார்த்தான்.

பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று எதையும் சாவி வழியாகவே கொடுத்துப் பழகிய கை அது. லாரி ஓடினால் சாவி போட்டிருக்கும். தோணி அப்படியா? காற்று வந்தால் இஞ்சினை அணைத்துவிட்டுப் பாயை விரிப்பார்கள். அடித்தட்டில் கசிகிற தண்ணீரை வெளியே தள்ளும் மோட்டாருக்கும் இந்த மடையன் சாவியில்தான் லைன் கொடுத்திருந்தான். தண்ணீர் ஏறினால் தானாகவே ஓடும் மோட்டார் என்று பீற்றிக்கொண்டு வேறு வந்திருந்தான். அதன் மேல் வெங்காய மூட்டைகளை அடுக்கிவிட்டால் யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?

கிரீஸ் கையோடு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான்.

"மச்சான் எங்கக்கா?"

"வெள்ளனையே மாலத்தீவுக்குக் கெளம்பிட்டாகப்பா. நல்ல காத்து. தொறமுகம் தாண்டுனதுமே பாய விரிச்சுட்டாகளாம்."

"அந்தப் பழைய கைப்பம்ப மறுபடி ஏத்துனாகளா?"

"அதான் எடத்த அடைக்குதுன்னு நீயே கழட்டிப் போட்டியே. கொல்லையில கெடக்கு. இம்புட்டு வருசத்துல இப்பத்தான்ப்பா பயமில்லாம அனுப்பியிருக்கேன்."

"கூப்புட வழி இருக்காக்கா?"

"தோணியில ஏதுப்பா வயர்லெஸ்? இந்தா, காத்து நிக்கக் கூடாதுன்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தத்தான் புள்ளைகளோட கெளம்பிட்டிருக்கேன்."

அன்புமணிக்கு மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"காத்து அடங்கணும்னு ஏத்துக்கா. காத்து நின்னாத்தான் மச்சான் இஞ்சின போடுவாரு. இஞ்சின் ஓடுனாத்தான் தண்ணிய எறைக்கிற மோட்டாரு ஓடும். தப்பா வயர் குடுத்துட்டேன்க்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை. ரிசீவரை வைக்காமலே பிள்ளைகளைக் கூப்பிடுவது கேட்டது.

"எல்லாரும் இங்கனயே முட்டி போடுங்க. காத்து நிக்கணும்னு மாதாகிட்டக் கேளுங்க."

"நிக்கக் கூடாதுன்னுதானம்மா கேப்போம்?" என்றாள் சின்ன மகள்.