கைப்பையில் போக வேண்டியது

என் ஓரகத்தி ஏலவார்குழலி கப்பல் ஏறப் போகிறாள் என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டவர்களிடம் பித்தம் என்றேன். பித்தமும் இல்லை, வாதமும் இல்லை. பொறாமை. இத்தனை வருஷம் கழித்து அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

கப்பல் என்றால் சீமைக்குப் போகிற கப்பல் இல்லை. ராமேஸ்வரத்தில் ஏறினால் சில மணி நேரத்தில் தலைமன்னாரில் இறக்கிவிடும். அங்கிருந்து ரயில் பிடித்துக் கொழும்பு. ஆனாலும் கப்பல் கப்பல்தானே. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

அது அறுபத்தொன்பதாம் வருஷம். கொழும்பில் கைத்தறிக் கண்காட்சி நடந்தது. எங்கள் நெசவாளர் சங்கத்திலிருந்து ஒரு ஜோடி போய் ஜனங்கள் பார்க்கத் தறியில் உட்கார்ந்து நெய்து காட்ட வேண்டும். ஜோடி எதற்கென்றால், கோர்வைச் சேலையை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒருவர் நடுவில் உட்கார்ந்து உடலை நெய்ய, வலப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கு நாடா போட வேண்டும். நாடா என்பது நூலைச் சுமந்துகொண்டு, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலுக்குள் இங்கும் அங்கும் ஓடுகிற கட்டை. ஒவ்வொரு இழைக்கும் இரண்டு பேர் கையும் சேர்ந்தால்தான் கரை உடலோடு கோத்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தறி. ஒன்றில் என் வீட்டுக்காரர் வீரபாகு, கரைப்பக்கம் நான். மற்றதில் அவர் தம்பி கலியாணசுந்தரம், கரைப்பக்கம் குழலி. நாங்கள் ஒரு சேலையை அறுத்து மடிக்கிற நேரத்தில் அவர்கள் தறியில் இன்னும் இரண்டு முழம் பாக்கி இருக்கும். பத்து வருஷமாக அப்படித்தான். குழலி கை மந்தம் என்று தெருவுக்கே தெரியும். தெரிய வைத்தவளும் நான்தான்.

சங்கத்துக் காரியதரிசி வேணுகோபால் முதலில் எங்களிடம்தான் வந்து கேட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். என் வீட்டுக்காரர் தறியை விட்டு எழக்கூட இல்லை.

"தம்பி போவட்டும் சார். அவன் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுவான். சின்னவன், பார்த்துட்டு வரட்டும்" என்றார்.

அவ்வளவுதான். முடிந்தது. காரியதரிசி போன பிறகு நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"உங்க தம்பிக்கு விட்டுக் குடுத்தீங்க, சரி. எனக்குப் பதிலா யாரு போறா?"

"குழலிதான். வேற யாரு?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ இன்னாத்துக்கு கப்பல்ல போவணும்? பஸ்ல போனாலே வாந்தி எடுக்கற."

அவர் சொன்னது உண்மைதான். அதனால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

ஒரு வாரம் கழித்துக் காரியதரிசி மறுபடியும் வந்தார். அவர் ஏற்கெனவே ஒரு தடவை அந்தக் கப்பலில் போய் வந்தவர். எங்கள் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிற இரண்டு பேருக்கும் கப்பல் ஏறப் பாடம் நடத்தினார். குழலி கைகட்டி நின்று கேட்டாள். நான் தூணோரம் நின்று கேட்டேன். அவளைவிட நான்தான் கவனமாகக் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"தறியும் பாவும் முன்னாலயே அனுப்பியாச்சு. உங்க சாமான் ரெண்டு வகை. பெரிய பெட்டிக்குச் சீட்டு ஒட்டி வாங்கிக்குவாங்க. அது கப்பலோட அடித்தட்டுக்குப் போயிடும். அப்புறம் நீ அழுதாலும் எடுத்துக் குடுக்க மாட்டாங்க. கொழும்புல சுங்கம் பார்த்து உங்க கைக்கு வர நாலு நாள் ஆவும்."

"நாலு நாளா?" என்றாள் குழலி.

"கையில வெச்சிக்கினு ஏறறதுக்கு ஒருத்தருக்கு ஒரு பை. ஒரு கையால தூக்கற அளவுக்குத்தான் இருக்கணும். இன்னொரு கை படியோட கயித்தைப் புடிக்கணும் இல்ல? கண்காட்சி நீங்க போய் எறங்கின மறுநாளே. எது இல்லாம தறியில உக்கார முடியாதோ அது கைப்பையில இருக்கணும். ஊறுகாய் இருக்கக் கூடாது."

காந்தி ரோட்டுக்குப் போய் நீல ரெக்ஸின் பை ஒன்று வாங்கி வந்தார்கள். ஜிப் வைத்தது. அதில் ஆகாய விமானம் படம் போட்டிருந்தது, போவதோ கப்பலில். அந்தப் பையை எடுத்துக்கொண்டு மச்சுப்படியில் ஏறி இறங்கிப் பழகினாள் குழலி. ஒரு கையில் பை, இன்னொரு கையில் சுவரில் கட்டிய கயிறு. தெருப் பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். "இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து ஏறு குழலி" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படி வழுக்கினால் தேவலை என்று ஒரு நிமிஷம் நினைத்ததை மறைக்கவில்லை.

இதோடு போயிருந்தால்கூட ஆறியிருக்கும். புறப்படுவதற்கு முதல் நாள் என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"இந்திராணி, உன் நாடாவை அவளுக்குக் குடுத்தனுப்பு. வெளியூர்ல நாலு பேர் பார்க்கச்சொல நூல் சிக்கக் கூடாது. நீ அவ நாடாவை வெச்சி ஓட்டிக்கோ, ஒரு மாசம்தானே."

கப்பலைக் கொடுத்தார், போகட்டும். நாடாவையும் கொடுப்பதா? அது என் மாமியார் நாற்பது வருஷம் ஓட்டிய கருங்காலி நாடா. மூத்த மருமகள் என்று கல்யாணத்தன்று என் கையில் கொடுத்தார். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். குழலி வந்தபோது அவளுக்குக் கடையில் வாங்கிய புது நாடா. எங்கள் வீட்டில் ஒருத்தர் நாடாவை இன்னொருத்தர் தொடுகிற வழக்கம் இல்லை. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் வெறும் நாடாவாகக் கொடுக்க மாட்டோம். அதற்குள் நூல் சுற்றிய குழல், தார் என்போம், அதைப் போட்டுத்தான் கொடுப்போம். வெறும் நாடாவைக் கொடுத்தால் வாங்குகிறவள் தறி ஓடக் கூடாது என்று அர்த்தம்.

குழலி அவள் நாடாவை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். அரக்கு நூலில் நிறையத் தார் சுற்றிப் போட்டிருந்தாள். நான் சரியாகப் பார்க்காமல் மாடத்தில் வைத்தேன்.

"அக்கா, சாமானெல்லாம் நீயே அடுக்கிக் குடுத்துடு. நீ அடுக்கினா ஒரு பொட்டு எடம் வீணாவாது" என்றாள்.

அடுக்கினேன். கைப்பையில் இரண்டு புடவை, துண்டு, சோப்பு, சீப்பு, மந்தாரை இலையில் கட்டிய கோயில் இட்லி, ஒரு எலுமிச்சம்பழம். கலியாணசுந்தரம் தன் நாடாவைத் தன் பையில் தானே வைத்துக்கொண்டார். என் நாடாவிலிருந்து தாரை உருவி எடுத்தேன். வெறும் கட்டையை ஒரு பழைய ரவிக்கையில் சுருட்டி, பெரிய தகரப் பெட்டியின் அடியில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே வைத்தேன். கப்பலின் அடித்தட்டுக்குப் போகிற பெட்டி. நாலு நாள் கொழும்பு ஜனங்களுக்கு முன்னால் வெறுங்கையோடு உட்காரட்டும். அங்கே நாடா கிடைக்காதா என்றால் கிடைக்கும். பிறத்தியார் செருப்பும்தான் கிடைக்கும், போட்டு நடக்க முடிகிறதா?

வழியனுப்ப நாங்களும் ராமேஸ்வரம் போனோம். கோயிலையும் சேவித்த மாதிரி ஆகும் என்றார் என் வீட்டுக்காரர், எனக்கு ஆறுதலாம். செங்கல்பட்டில் ரயில் ஏறினோம். எதிர் இருக்கையில் குழலி அந்த நீலப் பையை மடியை விட்டு இறக்கவே இல்லை. தகரப் பெட்டி அவள் காலடியில் கிடந்தது. நான் தூங்குவதும் விழிப்பதுமாக வந்தேன்.

மறுநாள் கப்பல்துறைக்குப் போனோம். முதல் முறையாகக் கடலைப் பார்த்தேன். நின்று பார்க்க நேரம் இல்லை. தகரக் கொட்டகையில் கூட்டம். பெரிய சாமான்களை ஒரு பக்கம் அடுக்கி, சாக்கட்டியால் குறி போட்டு, சுமையாள்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். கைப்பைக்காரர்கள் இன்னொரு பக்கம் வரிசையில் நின்றார்கள். குழலி எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பயமா இருக்குதுக்கா. நான் தப்பு பண்ணா மாமா பேருக்குத்தான் கேடு. இன்னார் வீட்டுத் தறின்னு பலகை எழுதி மாட்டுவாங்களாம்."

மாமா என்று அவள் சொன்னது என் வீட்டுக்காரரைத்தான். பலகையை நான் யோசிக்கவே இல்லை. எதிராளிக்குச் சகுனத்தடை என்று தன் மூக்கையே அறுத்துக்கொண்டவள் கதைதான் என் கதை. பலகையில் இருக்கப்போவது எங்கள் எல்லாருடைய பேரும். அதற்குள் எங்கள் பெட்டிமேல் சாக்கட்டிக் குறி விழுந்தது. ஒருவன் குனிந்து தூக்கினான்.

"அந்தப் பெட்டியை எறக்குப்பா" என்று கத்தினேன்.

என் வீட்டுக்காரர் "இன்னா ஆச்சு உனக்கு?" என்று பின்னாலேயே வந்தார். நான் சட்டை செய்யவில்லை. குழலியிடம் சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்து, அத்தனை பட்டுப்புடவையையும் சிமெண்டுத் தரையில் வாரிப் போட்டேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பெட்டியின் அடியில் ரவிக்கை இருந்தது. உதறினேன். நாடா இல்லை.

குழலி வந்து என் பக்கத்தில் குந்தினாள். நீலப் பையின் ஜிப்பை ஒரு சாண் இழுத்துக் காட்டினாள். இட்லிப் பொட்டணத்துக்கு மேலே என் நாடா இருந்தது. அதற்குள் அரக்குத் தார்.

"செங்கல்பட்டுலயே, நீ தண்ணி புடிக்கப் போனப்ப எடுத்து வெச்சிக்கினேன்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "வெறுமனே இருந்துச்சு. ஸ்டேஷன்லயே தார் போட்டேன்."

"பெட்டியில இருக்குதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சிது?"

"உன் எடத்துல நான் இருந்தா அங்கதான் வெச்சிருப்பேன்."

அதைச் சொல்லிவிட்டு அவள் புடவைகளை மடிக்க ஆரம்பித்தாள். நானும் மடித்தேன். என் வீட்டுக்காரர் என்ன தேடினாய் என்று கேட்டதற்கு, "அக்கா திருநீறு வெச்சாங்களான்னு பார்த்தாங்க மாமா" என்றாள் குழலி. கொஞ்ச நேரத்தில் ஒரு கையில் பையும் ஒரு கையில் கயிறுமாகக் கப்பலின் படியில் ஏறினாள். மச்சுப்படியில் பழகியபடியே நிமிர்ந்து ஏறினாள். திரும்பிப் பார்த்துக் கையாட்ட அவளுக்குக் கை மிச்சம் இல்லை.

ஊருக்குத் திரும்பி வந்து தறியில் உட்கார்ந்தேன். மாடத்திலிருந்து குழலியின் நாடாவை எடுத்தேன். பத்தாவது இழையில் நூல் சிக்கியது. எடுத்துவிட்டுப் போட்டேன். மறுபடியும் சிக்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான், நூல் வெளியே வருகிற துளையின் ஓரத்தில் ஒரு விரிசல் தெரிந்தது. புதிதாய் வாங்கியபோதே இருந்த விரிசல். மெழுகு தேய்த்துத் தேய்த்து மறைத்திருந்தாள். ஒவ்வொரு முறை போடும்போதும் நாடாவைக் கொஞ்சம் சாய்த்து, கட்டைவிரலால் நூலைத் தாங்கிப் பிடித்தால்தான் அது ஓடும். கட்டைவிரலைத் தாங்கினால் வேகம் வரவில்லை. வேகம் வந்தால் நூல் அறுந்தது.

"வேற நாடா, கை பழக ரெண்டு நாள் ஆவும்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஒரு மாசமாகியும் பழகவில்லை. அந்த மாசம் முழுக்க நாங்கள் அறுத்தது ஒரே ஒரு சேலை, அதுவும் கரையில் மூன்று இடத்தில் பிசிறு. இந்த நாடாவை வைத்துக்கொண்டு அவள் பத்து வருஷம் எனக்கு இரண்டே முழம் பின்னால் வந்திருக்கிறாள். ஒரு பிசிறு இல்லாமல் வந்திருக்கிறாள். ஒரு நாள்கூட நாடாவைக் குறை சொன்னதில்லை. சொன்னாலும் யார் தொட்டுப் பார்த்திருப்போம்? கப்பலுக்காகப் பட்ட பொறாமை ராமேஸ்வரத்தோடு தொலைந்திருந்தது. இப்போது வந்தது வேறு பொறாமை. அது அவள் கைமேல் வந்தது.

குழலி திரும்பி வந்தாள். கண்காட்சியில் அவள் கையைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்ததாம், வெள்ளைக்காரி ஒருத்தி அதைப் படம்கூட எடுத்தாளாம். கலியாணசுந்தரம் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நேராக வந்து நீலப் பையைத் திறந்து, என் நாடாவை என்னிடம் நீட்டினாள். நிறையத் தார் சுற்றிப் போட்டிருந்தாள்.

"நல்லா ஓடுச்சுக்கா" என்றாள்.

நீயே வைத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நாடா அவள் தறியில் ஓடினால், யார் கை எப்படிப்பட்டது என்று ஒரே வாரத்தில் தெருவுக்குத் தெரிந்துவிடும். நீட்டிய கையை அவள் இன்னும் மடக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் வாங்கிக்கொண்டேன்.