வெறும் உறை

சபையில் தச்சரின் அறுவை சிகிச்சைக்குக் காணிக்கை எடுத்தபோது, தையல்காரர் பக்கத்திலிருப்பவர் பார்க்கும்படி உறைமேல் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, வெறும் உறையை ஒட்டிப் போட்டார். எண்ணுகிறவர்கள் எல்லா உறையையும் மொத்தமாகக் கிழித்துக் கொட்டுவார்கள். பெயரை எவன் பார்க்கப் போகிறான்?

அன்றைக்கென்று பார்த்துப் போதகர், "இந்தத் தடவை பிரிக்காம அப்படியே அவங்க வீட்டுக்குக் குடுத்துடறோம்" என்றார். தையல்காரருக்கு மூன்று நாள் கடைவாசலில் நிழல் விழுந்தாலே தையல் கோணியது.

நாலாம் நாள் தச்சரின் மனைவியே வந்து அந்த உறையை நீட்டினாள்.

"உங்க கையிலயும் இல்ல போலிருக்கேண்ணே. வெளியே சொல்ல முடியாம வெறும் உறை போட்டிருக்கீங்க. எங்களுக்கு வந்ததுல கொஞ்சம் இதுக்குள்ள வச்சிருக்கேன்."

பணம் பிதுங்கிய மேசை இழுப்பறையை அவர் முழங்காலால் மெல்லத் தள்ளி மூடினார்.