டீச்சர் மார்க் தீப்பெட்டி

என் வீட்டுக்காரர் லிங்கராஜுக்குப் புதிதாக யோசனை வரும்போதெல்லாம் எனக்குத் தலைவலி வரும். தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டே சொன்னார்: “உமா, நம்ம தீப்பெட்டிக்குப் புது லேபிள் போடப்போறேன். பாலம்மாள் டீச்சர் படம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர்கள் கிளி போடுவார்கள், ரோஜாப்பூ போடுவார்கள். ஐந்தாம் வகுப்பு டீச்சரையா போடுவார்கள்?

“பீடி குடிக்கவன் சட்டைப்பையில எல்லாம் டீச்சர் மூஞ்சி இருக்கணுமாக்கும்! குச்சி தீந்ததும் சாக்கடையில வீசுவான்.”

“சாமி படம் போட்ட பெட்டிய வீசலையா? சாமி என்ன கோவிச்சுக்கிட்டாரா?”

இவரிடம் பேசி ஜெயிக்க முடியுமா? ஆனால் இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் இவர் படிப்பை ஐந்தாம் வகுப்பில் நிறுத்திப் பலசரக்குக் கடையில் உட்கார வைத்துவிட்டார் என் மாமனார். பாலம்மாள் டீச்சர் தினமும் சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்றார்களாம். ஒரு சாமானும் வாங்குவதில்லை. “அண்ணாச்சி, பையன அனுப்புதீங்களா, இல்ல நான் இங்கனயே நிக்கட்டா?” வியாபாரம் கெடுகிறதே என்று மாமனார் கையெடுத்துக் கும்பிட்டு இவரை அனுப்பிவிட்டார்.

டீச்சர் ரிட்டயர் ஆகிற அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் விழா வைத்திருந்தார்கள். அங்கே பெட்டியைக் கொடுத்து, டீச்சர் சரி என்று சொன்ன பிறகுதான் சரக்கை லாரியில் ஏற்றுவேன் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். அதற்குள் லேபிள் அச்சாகி வந்து, ஒட்டி, பண்டல் பண்டலாக அடுக்கியாகிவிட்டது. டீச்சர் வேண்டாம் என்றால் அத்தனையும் வீண்.

விழாவில் மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்தபின் இவர் பெட்டியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தன் முகத்தைப் பார்த்தார்கள். அச்சடித்தவன் உதட்டுக்குச் சாயத்தைக் கொஞ்சம் தாராளமாகவே பூசியிருந்தான். டீச்சர் சிரித்துவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

ஊர்ப் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். விடுகிற மாதிரி தெரியவில்லை. அந்த நேரத்தில் டீச்சர் மெதுவாகப் பெட்டியைத் திறந்து குச்சிகளை மடியில் கொட்டினார்கள். ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் போட்டார்கள். உதடு அசைந்தது. ஐயையோ, எண்ணுகிறார்கள்!

பெட்டிமேல் ஐம்பது குச்சி என்று போட்டிருந்தோம். உள்ளே நாற்பத்தைந்து இருந்தால் அதிசயம். எங்கள் ஆபீஸில் என்றைக்கும் அதுதான் வழக்கம். எவன் உட்கார்ந்து எண்ணப் போகிறான் என்ற தைரியம். ஆயுசு முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்த கை சும்மா இருக்குமா? இவரைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை.

டீச்சரைப் பேச அழைத்தார்கள். மைக் முன்னால் வந்து நின்று, “ஏலே லிங்கராஜ், இங்கன வா” என்றார்கள். நாற்பது வயது முதலாளி கையைக் கட்டிக்கொண்டு மேடை ஏறினார். ஊர் பார்க்க மானம் போகப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு சத்தமும் இல்லை. திறந்து பார்த்தால், டீச்சர் மைக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு இவர் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு இவர் தலையில் கை வைத்தார்கள். ஆசீர்வாதம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், அழுகை வேறு வந்து தொலைத்தது.

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது கேட்டேன். “டீச்சர் என்ன சொன்னாவ?”

“அம்பதுன்னா அம்பது போடுலே, முடியாதுன்னா என் மூஞ்சிய எடுத்துருன்னாவ.”

“அப்போ எடுத்துருவோம். பழைய கிளியே இருக்கட்டும். பெட்டிக்கு அஞ்சு குச்சி கூடப் போட்டா லாபம் பூரா போயிருமே!”

இவர் ஸ்கூட்டரை இன்னும் வேகமாக முறுக்கினார்.

மறுநாள் காலையில் ஆபீஸுக்குப் போனால், பெட்டி அடைக்கிற பெண்களுக்கு நடுவே முதலாளி தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கட்டிய பண்டலையெல்லாம் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து குச்சி சொருகிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்கள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“உங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“அவிய மூஞ்சிய எப்படிட்டி எடுக்கது?” என்று ஒரு பெட்டியை என் கையில் வைத்தார். “எண்ணிப் பாரு.”

வந்த கோபத்தில் அங்கேயே கொட்டி எண்ணினேன். ஐம்பத்தொன்று.

“ஒண்ணு கூட இருக்கு. இதுகூட எண்ணத் தெரியலையாக்கும்!”

“தெரியும்ட்டி” என்றார், அடுத்த பெட்டியை எடுத்துக்கொண்டே. “டீச்சர் எண்ணும்போது ஒண்ணு கீழ விழுந்துட்டா?”