மூலை மேசையின் வேகம்

அந்த மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியில் அவனுக்குப் பெயர் வயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. "வயர், பிரிண்டர் வரல", "வயர், பில்லு போகமாட்டேங்குது" என்று நாள் முழுக்க ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே போவான். எந்நேரமும் சிரிக்கிறவனிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாடிப்படிக்குக் கீழே அவனுடைய அறை. உள்ளே ஓர் இரும்பு அலமாரி, அதில் ஸ்விட்ச் என்று சொல்லும் பெட்டி. எல்லா மேசைகளிலிருந்தும் நீல வயர்கள் வந்து அதில்தான் சேரும். ஒரு மேசைக்கு ஒரு துளை. பாஸ்வேர்டு தெரிந்தவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்தத் துளையின் வேகத்தையும் குறைக்கலாம், கூட்டலாம். தெரிந்தவன் அவன் ஒருவன்தான். முகம் கொடுத்துப் பேசியவர்களுக்கு முழு வேகம். டீ வாங்கும்போது அவனை மட்டும் விட்டுவிட்டவர்களுக்கு ஆமை வேகம். பிறகு போனால் போகிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். இந்தக் குட்டி ராஜாங்கத்தில் அவனுக்கு இருந்த சுகம் சொந்த வீட்டில்கூட இல்லை.

ஒருநாள் காலை அலுவலகம் மொத்தமும் நின்றுபோனது. முதலாளியே இறங்கி வந்துவிட்டார். பெட்டி எரிந்துபோயிருக்கும், புதுசுதான் வாங்கணும் என்று வயர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அளந்துகொண்டிருந்தான். மூலை மேசையில் பில் போடும் பெண் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"சார், பெட்டியோட பிளக்கைப் பிடுங்கிட்டு யாரோ செல்போன் சார்ஜ் போட்டிருக்காங்க."

செல்போன் வயருடையது. முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். கூடம் முழுக்கச் சிரித்தது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை அவன் மறந்துவிட்டான். அவள் வாயைப் பொத்தியதைத்தான் மறக்கவில்லை.

அன்றைக்கே மூலை மேசையின் துளைக்கு ஆகக் குறைந்த வேகத்தை வைத்தான். இந்தமுறை திருப்பிக் கொடுக்கவில்லை.

கூடத்துச் சுவரில் ஒரு டிவி உண்டு. யார் எத்தனை பில் போட்டார்கள் என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் இருப்பவர் பெயர் சிவப்பில் வரும். அவள் பெயர் சிவப்பிலேயே குடியேறிவிட்டது. சீக்கிரம் வந்து பார்த்தாள், சாப்பிடாமல் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு பில் ஏறுவதற்குள் அடுத்தவர்கள் மூன்று போட்டுவிட்டார்கள். கடைசியில் அவனிடமே வந்தாள்.

"என் லைனைக் கொஞ்சம் பாருங்க சார். வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு."

பார்த்தானே! மேசைக்கடியில் படுத்து, வயரை ஆட்டி, கழற்றி, ஊதி, மறுபடி மாட்டி, முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். கூடத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னான்: "லைன் நல்லாத்தான் இருக்கு. கைதான் வேகம் பத்தல."

முதலாளி அவளை வேலையை விட்டு நிறுத்தினார். ரெண்டு பிள்ளைங்க படிக்குது சார் என்று அவள் கெஞ்சியது எடுபடவில்லை. போகும்போது வயரின் அறை வாசலில் நின்றாள். "நீங்களாவது வந்து பாத்தீங்க சார். ரொம்ப நன்றி." அவன் பாட்டிலை எடுத்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்தான்.

குடித்ததும் நேரே முதலாளியிடம் போனான். காலியான மேசைக்கு அவனிடம் ஆள் இருந்தது. அவன் தங்கை. புருஷன் விட்டுப் போனதில் மகனைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அண்ணன் வீடு என்று பேர்தான், ஆட்சி அண்ணியுடையது. "மாசக் கடைசிக்குள்ள உங்க தங்கச்சி ஒரு வழி பாத்துக்கணும். இல்லைன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்று அவள் கெடு வைத்துவிட்டாள்.

"ஒரு மாசம் பாப்போம்பா. போர்டுல சிவப்புல வந்தா அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார் முதலாளி.

தங்கை கெட்டிக்காரி. அவள் விரல்கள் கீபோர்டில் ஓடினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். துளையின் வேகத்தை அவள் வேலைக்குச் சேருகிற திங்கட்கிழமை வந்து மாற்றிக்கொள்ளலாம், ஆளில்லாத மேசைக்கு என்ன அவசரம் என்று வயர் விட்டுவிட்டான்.

திங்கட்கிழமை அவன் அறைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. பிளக் கூத்துக்குப் பிறகு முதலாளி யோசித்து, நெட்வொர்க் வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். பாஸ்வேர்டு மாறிவிட்டது. சாவி அவர்களிடம். "நீ பிரிண்டர், மவுஸ் இதெல்லாம் பாத்துக்க, போதும்" என்று முதலாளி அவனுக்கு ஒரு முக்காலியைக் காட்டினார்.

முக்காலியிலிருந்து பார்த்தால் மூலை மேசை நன்றாகத் தெரியும். தங்கை ஒரு பில்லை அடித்துவிட்டு, விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு, சுற்றும் வட்டத்தையே பார்த்திருப்பாள். அவள் பெயரும் சிவப்பில் வந்தது. அது ராசியில்லாத சீட்டு என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள்.

மாசம் முடியப்போகிற சமயத்தில் வெளிக் கம்பெனி ஆள் அவனிடம் வந்து குனிந்து பேசினான்.

"சார், மூலை மேசைக்கு மட்டும் வேகத்தை யாரோ குறைச்சு வச்சிருக்காங்க. எடுத்துடவா? ஆனா எடுத்தா ரிப்போர்ட் குடுக்கணும். எப்ப வச்சது, யாரு பாஸ்வேர்டுல வச்சதுன்னு எல்லாம் வந்துரும்."

வயர் மூலை மேசையைப் பார்த்தான். தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எடுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் இந்த முக்காலியும் போகும், மானமும் போகும். வேலை போனவளைக் கூப்பிட்டு முதலாளி கதையைச் சொல்லுவார். அவள் இந்தமுறை வாயைப் பொத்திக்கொள்ள மாட்டாள்.

"வேணாம். முதலாளி சொல்லித்தான் வச்சது. அப்படியே இருக்கட்டும்."

வெளிக் கம்பெனி ஆள் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது தங்கை கேட்டாள். "அண்ணா, ஒரே ஒரு தடவை என் லைனைப் பாக்குறியா? நீ பாத்தா தெரியுமே."

"பாத்துட்டேன்மா. லைன் நல்லாத்தான் இருக்கு. கைதான் வேகம் பத்தல."

அவள் தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே அண்ணன் சொன்னால் அவளிடம் மறுபேச்சு கிடையாது.

மறுநாள், ஆபீஸில் வேண்டாமென்று ஒதுக்கிப்போட்ட சாமான்களிலிருந்து ஒரு பழைய கீபோர்டை அவளுக்கு எடுத்துவந்து கொடுத்தான். அதைத் தரையில் வைத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எதிலும் மாட்டாத அந்தக் கீபோர்டில் அவள் அடித்துப் பழகினாள். எழுத்து எங்கேம்மா வருது என்று மகன் கேட்டான். பேசாம இருடா, அம்மாவுக்கு முதல்ல வேகம் வரணும் என்றாள். அண்ணி அடுப்படியிலிருந்து காலண்டரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

"இப்பப் பரவாயில்லையாண்ணா?"

வயர் கதவோரமாக நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டான். மழை பிடித்த மாதிரி விழுந்துகொண்டிருந்தன விரல்கள்.

"இன்னும் கொஞ்சம் வேகமா அடி" என்றான்.