சுத்தத் தண்ணீர் பாட்டில்

சாக்கடை மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்துவிட்டு, நாற்றம் கொஞ்சம் அடங்கட்டும் என்று அவள் தள்ளி நின்றாள். பிறகு கயிற்றில் கட்டிய டப்பாவை இறக்கி, மொண்டு, கண்ணாடி பாட்டிலில் ஊற்றி மூடினாள். அடுத்தது சுத்தத் தண்ணீர். அது லேப்பிலிருந்து நிரப்பித் தருவது. குழி ஓரத்தில் வைத்து அதை இன்னொரு பாட்டிலுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஊர்க் கழிவுநீரில் என்னென்ன மருந்து கலந்து வருகிறது என்று லேப்பில் பார்க்கிறார்கள். சுத்தத் தண்ணீரிலும் மருந்து தெரிந்தால் அது சாக்கடையில் வந்ததல்ல, எடுத்தவள் கையிலிருந்து வந்தது.

அவள் கையிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது.

"வீட்ல யாருக்காவது ஆயின்மென்ட் போடறீங்களாக்கா?" என்று கேட்டாள் லேப் பொண்ணு. குரலில் அதட்டல் இல்லை.

"வீட்டுக்காரருக்கும்மா. படுத்த படுக்கை. முதுகெல்லாம் புண்ணு. சோப்புப் போட்டு நல்லாத்தான் கழுவறேன்."

"சோப்புக்கெல்லாம் இந்த மெஷின் மசியாதுக்கா. துளியூண்டு இருந்தாலும் காட்டிக் குடுத்துடும். ஒவ்வொரு குழிக்கும் புதுக் கையுறை போட்டீங்கன்னா போதும். குடுக்கறாங்கல்ல?"

அவளை வேலைக்கு வைத்த சூப்பர்வைசர் லேப் வாசற்படியில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். புதுக் கையுறை கேட்டபோது, "துவைச்சுப் போடு. நீ என்ன ஆபரேஷனா பண்ணப்போற?" என்று சிரித்தவர் அவர்தான். துவைத்ததும் இதே கைதான்.

"குடுக்கறாங்கம்மா," என்றாள்.

வெளியே வந்ததும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா வேற ஆளைப் போட்டுடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

அவள் புருஷன் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்ததற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அடுப்பு எரிவது அவள் வேலையால்தான். அன்று சாயங்காலம் கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றி, மருந்தை அதில் பிதுக்கி அவர் முதுகில் தடவினாள்.

"என்னடி, சுவத்துக்குப் பட்டி பாக்கற மாதிரி பாக்கறே?"

"கை படக்கூடாதாம்."

"கட்டின பொண்டாட்டி கை படக்கூடாதா? எவன் போட்ட சட்டம்?"

"மெஷின் போட்டது."

இரண்டு பேருமே சிரித்தார்கள்.

விரலுக்குத் தெரிந்தது கரண்டிக் காம்புக்குத் தெரியவில்லை. புண்ணின் ஓரம் எங்கே சூடாகிறது, எங்கே உள்ளுக்குள் குழைகிறது என்று தொட்டால் தெரிந்திருக்கும். புரட்டிப் படுக்க வைப்பதைக்கூடப் போர்வையைப் பிடித்து இழுத்தே செய்தாள். சுத்தத் தண்ணீரில் மருந்து குறைந்துகொண்டே வந்தது. அவர் பேச்சும் குறைந்தது.

"மருந்து வேணாம். சும்மா கையை மட்டும் கொஞ்சம் வையேன்," என்றார் ஒரு நாள். நெற்றி வியர்த்திருந்தது.

நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை வைக்கறேங்க. அன்னிக்கு லீவுதானே."

வெள்ளிக்கிழமை காய்ச்சல் ஏறியது. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில், புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் கை வைத்தபோது முதுகு சில்லிட்டிருந்தது.

எல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். எடுத்துவந்த பாட்டில்களைப் பார்த்துவிட்டு லேப் பொண்ணு மறுநாள் அவளைத் தேடி வந்தாள். அந்தப் பொண்ணுக்கு விஷயம் தெரியாது.

"சுத்தத் தண்ணி பளிச்சுன்னு வந்திருக்குக்கா! மருந்தே இல்ல. எப்படியோ சரி பண்ணிட்டீங்க. இப்படியே இருக்கணும், என்ன?"

அவள் தலையை ஆட்டினாள்.

வண்டியில் சூப்பர்வைசர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஓர் அட்டைப் பெட்டியை இழுத்தார். "இந்தா, நாளைக்கு மேலதிகாரிங்க பாக்க வராங்க. புதுசு போட்டுக்கிட்டு நில்லு."

பெட்டி நிறையக் கையுறைகள். ஒன்றுகூட எடுக்கப்படவில்லை.

"இது எப்ப வந்துச்சு சார்?"

"அது கெடக்கு, வேலை ஆரம்பிச்சப்பவே குடுத்தது," என்றபடி அவர் வண்டியைக் கிளப்பினார்.

பெட்டியின் மேல் தூசி அப்பியிருந்தது. அவள் வாங்கி மடியில் வைத்தபோது, பிடித்த இடத்தில் அவளுடைய விரல்கள் அத்தனையும் அந்தத் தூசியில் பதிந்திருந்தன.