மூடாத ஷட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கல்யாண வரவேற்பு என் வீட்டுக்கு வந்தது. மணப்பெண், மாப்பிள்ளை, இரு பக்கத்துச் சொந்தங்கள் எல்லாரும் போட்டோவுக்கு நின்ற அதே வரிசையில் மாடிப்படி ஏறினார்கள். வரிசை நகர்ந்தது. ஆட்கள் அசையவில்லை. பெரம்பூரில் எனக்கு இப்படி வேலை வருவதுண்டு.

கேமராவை அவர்கள் பக்கமே பிடித்தபடி, பெண்ணின் தாய்மாமன் குப்புராஜ் அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து வந்தார். பழைய மடிப்பு கேமரா. நல்ல கண்ணாடி.

"ஷட்டர் தொறந்துச்சு, மூடல. நேத்து சாயங்காலத்துலேர்ந்து போட்டோ எடுத்துக்கிட்டே இருக்கு."

"எண்ணெய் விட்டீங்களா?"

"தையல் மெஷின் எண்ணெய்தான். வழவழன்னு இருக்கட்டுமேன்னு..."

எல்லாரும் செய்கிற தப்பு. ஷட்டர் தகடுகள் காய்ந்துதான் இருக்க வேண்டும். எண்ணெய் பட்டால் ஒட்டிக்கொள்ளும். நான் வங்கியில் வேலை பார்ப்பவன். பழைய கேமரா சேர்ப்பதும் சரிசெய்வதும் பொழுதுபோக்குதான். ஆனால் என்னால் மூட முடியாத ஷட்டர் இதுவரை வந்ததில்லை.

கேமராவை ஸ்டாண்டில் பொருத்தினேன். வரிசை எதிரே நின்றது. ஹால் தேவையான அளவு நீண்டுகொண்டது.

"சார், இவரு கையைப் பாருங்க," என்றாள் மணப்பெண் தமயந்தி. உதடு அசையவில்லை.

மாப்பிள்ளை இளம்பரிதியின் வலது கை முழங்கைக்குக் கீழே மங்கிப்போயிருந்தது. அதன் வழியாக என் பீரோ தெரிந்தது.

"அசைஞ்சாரா?"

"என் கன்னத்துல ஈ. ராத்திரி பூரா விரட்டிக்கிட்டே இருந்தாரு."

ஷட்டர் நெடுநேரம் திறந்திருந்தால், ஓயாமல் அசைவது படத்தில் விழாது. மூடும்போது படத்தில் விழாதது, பிறகு நிஜத்திலும் கிடையாது. ஈ அசையவில்லை. அது நன்றாக விழுந்திருந்தது.

"பத்தரைக்கு முகூர்த்தம் சார். அந்தக் கைதான் தாலி கட்டணும்."

"வந்துடும்," என்றேன் அவளிடம். "ஆடாம நீங்க கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. நான் மூடுறதுக்குள்ள படத்துல ஏறிடும்."

குப்புராஜ் துள்ளினார். "தாலி ஏறல! அதுக்குள்ள கையைப் பிடிக்கிறதா?"

"இல்லாத கைதானே மாமா," என்று தமயந்தி பிடித்துக்கொண்டாள்.

நான் லென்ஸுக்கு எதிரே உட்கார்ந்தேன். முன்கண்ணாடியைக் கழற்றினேன். பஞ்சைப் பெட்ரோலில் நனைத்துத் தகடுகளைத் துடைத்தேன். எண்ணெய் வந்தது. இன்னும் எண்ணெய் வந்தது. பிறகு நேற்றைய நாதஸ்வரம் கொஞ்சம் கசிந்தது. அதையும் துடைத்தேன். அவசரப்படவில்லை. துடைப்பதையும் நிறுத்தவில்லை.

எதிரே முதலில் நகம் வந்தது. பிறகு மோதிரம். பீரோ மறைந்தது.

"டிக்." ஷட்டர் மூடியது.

எல்லாரும் ஒன்றாக இமைத்தார்கள். யாரோ காபி கேட்டார். இளம்பரிதி ஐந்து விரலையும் மடக்கிப் பார்த்தான். தமயந்தி இன்னும் கையை விடவில்லை. குப்புராஜ் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் அவள் என்னைப் பார்த்தாள். "சார், உங்க கை?"

சட்டைக் கை முடிந்த இடத்தில் எதுவும் இல்லை. லென்ஸ் இவ்வளவு நேரமும் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தது. என் முகம் அசையவில்லை. கைகள் ஓயவில்லை.

"ஐயோ, எங்களால..."

"எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும்மா. நேரமாகுது, கிளம்புங்க."

ஸ்க்ரூ டிரைவர் மேஜையிலிருந்து எழுந்தது. முன்கண்ணாடியைப் பூட்டினேன். கேமரா காற்றில் நகர்ந்து குப்புராஜிடம் போனது. அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வாசல்வரை வந்து கும்பிட்டேன். அவர்களும் குத்துமதிப்பாகப் பதிலுக்குக் கும்பிட்டார்கள்.